ஜப்பான் லொக்கும் ஜன்னலால் இறங்கிய மாப்பிள்ளையும்

“நீ டிகிரி எடுத்த பிள்ளைதான், இல்லையெண்டு நான் சொல்லேல்ல. ஆனா பஞ்சிகாவத்தையில கார்ச் சாமான் வாங்க அது காணாது.”

சின்ன மாமா இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். அவர் முப்பது வருடமாகக் கொட்டாஞ்சேனையில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். நானோ எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்து, பல்கலைக்கழகமும் போய், சொந்தமாக ஒரு காரும் வாங்கியவள். (கார் என்னைவிட நான்கு வயதுதான் இளையது. அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.)

அண்ணாவின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அண்ணா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கப் போனவன். அந்த மூட்டைகளின் மேல் ஏறித்தான் நான் பல்கலைக்கழக வாசலை மிதித்தேன். அதனால் மாப்பிள்ளைக்கு வாடகைக் கார் பிடிப்பது பற்றி அம்மா கதைத்ததும் எனக்குக் கோபம் வந்தது. அண்ணா என்னுடைய காரில்தான் வெள்ளவத்தை மண்டபத்துக்குப் போவான், நான்தான் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரேயொரு குறை. பின்கதவுகள் இரண்டும் கொஞ்சம் இறுக்கம். கராஜில் கார் திருத்துகிற பாஸ், கதவுப் பூட்டுகளைப் பார்த்துவிட்டு, என்னைத் தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, “நங்கி, லொக் நல்லம். கிரீஸ் போட்டா காணும்” என்றார். கிரீஸ் போட்ட கதவிலா என் அண்ணா மாப்பிள்ளையாக இறங்குவது? புது லொக்தான் வேண்டும் என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். “அப்ப சாம்பிளுக்குப் பழசைக் கொண்டு போங்க. வச்சுப் பாருங்க. ஆனா அதைக் கடையில விட வேணாம்” என்று இரண்டு லொக்கையும் கழற்றிக் கையில் தந்தார்.

கொழும்பில் கார் வைத்திருக்கிற எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். எண்ணெய் வடியும் பழைய சாமானைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போய், கடைக்காரன் தருவதை அதன் பக்கத்தில் வைத்து, பல்லுக்குப் பல் ஒப்பிட்டு வாங்குவார்கள். எனக்கு அது படிக்காதவர்களின் வேலையாகப் பட்டது. நான் இணையத்தில் தேடி, லொக்கின் இலக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு போனேன்.

கடை முதலாளி அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். “மிஸ் மாதிரி விளக்கமா வாற ஆக்கள் குறைவு” என்றார். அந்த வசனத்தோடு நான் முடிந்தேன்.

“இது ஒரிஜினல்தானே?”

“ஜப்பான் மிஸ். கொப்பிச் சாமான் நாங்க கையாலயும் தொடுறதில்ல.”

பையில் இருந்த பழைய லொக்குகள் அவர் கண்ணில் பட்டன. “இதைத் தந்திட்டுப் போங்க, விலையில கொஞ்சம் பார்த்துச் செய்வம்” என்றார். தந்துவிட்டேன். (ஆமாம், தந்துவிட்டேன். பாஸ் சொன்னது நினைவிருந்தது. பாஸுக்கு இணையம் பார்க்கத் தெரியாது என்பதும் நினைவிருந்தது.) புது லொக்கைப் பழையதோடு ஒப்பிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியில் பளபளவென்று ஸ்டிக்கர் இருந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

கதவில் பொருத்திப் பூட்ட முன் பாஸ் லொக்கைக் கையில் வைத்து நிறுத்துப் பார்ப்பதுபோல மேலும் கீழும் ஆட்டினார். அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று காலையில் மாமா காருக்கு மல்லிகைச் சரம் கட்டினார். நான் கார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இடப்பக்கப் பின்கதவை இழுத்தேன். உள்ளே ஏதோ ‘டிக்’ என்று முறிந்தது. கதவு அசையவில்லை. அப்போதே வாயைத் திறந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. “இந்தப் பக்கம் பூ நசிஞ்சிடும், எல்லாரும் மற்றப் பக்கத்தால ஏறுங்கோ” என்றேன். அண்ணா வலப்பக்கத்தால் ஏறினான். பட்டு வேட்டி, தலைப்பாகை, முகம் முழுக்கச் சிரிப்பு. “உன்ர கார் நல்லா இருக்கு” என்றான். காலி வீதி முழுவதும் நான் ராணி மாதிரி ஓட்டினேன்.

மண்டப வாசலில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் கால் கழுவச் செம்பில் தண்ணீரோடும் தட்டோடும் நின்றான். நான் இறங்கிப் போய் வலப்பக்கக் கதவைத் திறந்தேன். அதாவது, கைப்பிடியை இழுத்தேன். கைப்பிடி மட்டும் வந்தது, கதவு வரவில்லை. உள்ளேயிருந்து அண்ணா இழுத்தான். இன்னொரு ‘டிக்’.

“கதவைத் திறக்கச் சொல்லுங்கோ, நேரம் போகுது” என்றார் பெண்ணின் பெரியம்மா.

“ஜப்பான் சாமான். அவசரப்படுத்தக் கூடாது” என்றார் முன்சீற்றிலிருந்து மாமா.

அண்ணா முன்பக்கத்தால் வரப் பார்த்தான். வேட்டி ஹேண்ட்பிரேக்கில் மாட்டியது. இன்னும் ஓர் இழுப்பு இழுத்தால் மாப்பிள்ளை எந்தக் கோலத்தில் இறங்குவான் என்பது எல்லோருக்கும் விளங்கியதால் அப்படியே பின்னுக்குப் போனான். பெண்ணின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சுபநேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. மூட்டை தூக்குகிறவனுக்குப் பெண் கொடுக்க அவர் ஒரு வருடம் யோசித்த மனுஷன்.

“ஜன்னலைத் திறந்து விடு” என்றான் அண்ணா, மெதுவாக. என்மேல் கோபம்கூட இல்லாத அந்தக் குரல்தான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

அவன் சீற்றில் மல்லாந்து படுத்துக் காலை வெளியே நீட்டினான். பெரியம்மா, “வலது கால், வலது கால் முதல்ல” என்றார். வலது கால் வெளியே வந்தது. நாதஸ்வரமும் விடாமல் ஒலிக்கிறது, நேரமும் போகிறது. பெண்ணின் தம்பி பாவம், கடமை தவறாத பையன். ஜன்னலால் தொங்கிய அந்தக் காலுக்குக் கீழே தட்டைப் பிடித்துச் செம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டான். கால் கழுவியவனுக்குக் கொடுக்கிற மோதிரத்தை அண்ணா உள்ளேயிருந்தபடியே நீட்டினான். கமெராக்காரர் எல்லாவற்றையும் எடுத்தார். பிறகு மாமா உள்ளேயிருந்து தள்ள, இரண்டு பேர் வெளியேயிருந்து இழுக்க, என் அண்ணா பிரசவமானான். தலைப்பாகை காருக்குள்ளேயே தங்கிவிட்டது.

தாலி நேரத்துக்குள் ஏறியது. சனம் சிரித்தது. அண்ணியும் சிரித்தாள், நல்ல காலம். நான் மட்டும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பாஸ் லொக்குகளைக் கழற்றித் தந்தார். உள்ளே கதவைத் திறந்துவிடுகிற நெம்பு இரண்டாக முறிந்திருந்தது, அதை நகத்தால் சுரண்டினேன். வெள்ளி நிறம் நகத்தோடு வந்தது, கீழே கறுப்பு பிளாஸ்டிக். உலோகம் இருக்க வேண்டிய இடத்தில் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக்கை வைத்து, ஸ்டிக்கரும் ஒட்டி, என் கண்ணைப் பார்த்து ‘ஜப்பான்’ என்று சொல்லியிருக்கிறார்.

கடைக்குப் போனேன். முதலாளிக்கு என்னைத் தெரியவில்லை.

“பூட்டினவன் பிழை மிஸ்.”

“பிளாஸ்டிக்குக்குப் பெயின்ட் அடிச்சதும் பூட்டினவரோ?”

“இப்ப வாறதெல்லாம் இப்பிடித்தான். கதவை மெதுவா இழுக்கோணும்.”

“அப்ப என்ர பழைய லொக்கைத் தாங்கோ.”

“அதெல்லாம் அன்றைக்கே போயிட்டுது. நல்ல சாமான் மிஸ், உடனே ஆள் எடுத்திட்டுது.”

என்னுடைய நல்ல லொக்கை என்னிடமே குப்பை விலைக்கு வாங்கி, நல்ல சாமான் என்று இன்னொருவருக்கு விற்றுவிட்டு, அதை என் முகத்துக்கு நேரே பாராட்டவும் செய்கிறார். சுவரில் விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. எனக்கு மூன்று மொழியும் வாசிக்கத் தெரியும் என்பதால் மூன்று மடங்கு எரிந்தது. பில்லை எடுத்து மேசையில் வைத்தேன். அவருடைய கையெழுத்தில் ‘ஜப்பான் ஒரிஜினல் – 2’, கீழே கடை முத்திரை. அவர் அதை எடுக்கக் கை நீட்டினார். நான் முந்திவிட்டேன்.

“இதுக்கெல்லாம் கேஸ் போடப் போறீங்களோ?” என்று சிரித்தார்.

வீட்டில் இது இப்போது நிரந்தரப் பகிடி. அண்ணியின் வீட்டார் அண்ணாவுக்கு ‘ஜன்னல் மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் போனால் மச்சான் கதவைத் திறக்காமல், “அத்தான், ஜன்னல் திறந்துதான் இருக்கு” என்று குரல் கொடுக்கிறானாம். விட்டுத்தள்ளு என்று அண்ணா எனக்கு எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தான். நான் விடவில்லை. நுகர்வோர் முறைப்பாட்டுப் படிவத்தை எடுத்து வந்து, பில், லொக்கின் படங்கள், கமெராக்காரர் எடுத்த படம் ஒன்று, எல்லாம் இணைத்து நான்கு பக்கத்துக்கு எழுதினேன்.

போன வியாழக்கிழமை அண்ணா சாப்பிட வந்தபோது அதை மேசையில் கண்டான். மெல்ல மெல்ல, விரலை வைத்து, நான்கு பக்கத்தையும் வாசித்தான். பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் நான் என்னுடைய பெயரை எழுதியிருந்தேன். அண்ணா பேனையைக் கேட்டு வாங்கினான். என் பெயருக்கு மேலே ஒரு கோடு போட்டுவிட்டு, தன் பெயரை எழுதத் தொடங்கினான்.

“ஜன்னலால இறங்கினது நான்” என்றான்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு நுகர்வோர் அலுவலகத்துக்குப் போய் அதைக் கையளித்தோம். விசாரணைக்குத் திகதி தந்திருக்கிறார்கள்.