பிள்ளையாரைத் தூக்கிய ஆசியா

வன்னியில் நான் கண்ட கள்ளர்களிலேயே படு உதவாக்கரையான கள்ளன், பெயருக்கு முன்னால் 'கலாநிதி' என்று பட்டம் போட்டுக்கொண்ட ஒரு மனிதர். பட்டப்பகலில், ஊரே ஒதுங்கி வழிவிட்டு நிற்க, ஒரு முழ உயரச் சிலையைத் தூக்க அவர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை.

நெடுங்கேணியில் அவருக்குப் பெயர் 'ஆசியா'. வெளிநாட்டில் ஏதோ பெரிய அருங்காட்சியகத்தில் ஆசியக் கலைப் பிரிவின் காப்பாளராக இருந்தவர். பிறந்த மண்ணில் ஓர் அருங்காட்சியகம் வைத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று வந்து சேர்ந்தார். எங்கள் பிரதேச சபை, பழைய கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டிடத்தில் ஓர் அறையையும் எழுதுவினைஞரான என்னையும் அவருக்குக் கொடுத்தது. அறைக்கும் எனக்கும் அதுவரை சபையில் உருப்படியான வேலை எதுவும் இருக்கவில்லை.

ஆசியாவுக்கு ஒரு வியாதி. எந்தப் பாத்திரத்தைக் கண்டாலும் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். எந்தக் காலம், எந்தச் சூளை என்பது அடியில்தான் தெரியுமாம். உள்ளே என்ன இருக்கிறது என்ற யோசனை அவருக்கு வருவதில்லை. தேத்தண்ணிக் கடையில் தன் காற்சட்டையை நனைத்துக்கொண்டதை விட்டுவிடலாம். கலியாண வீடொன்றில் ஆலாத்தித் தட்டைக் கவிழ்த்து, மாப்பிள்ளையின் மாமியாருடைய பட்டுச் சேலையில் சிவப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, "சும்மா தொழிற்சாலைச் சாமான்" என்று தீர்ப்பும் சொன்னார். அதற்குப் பிறகு அவரைக் கலியாணத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் சாப்பாட்டை வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள்.

அவருடைய ஆசியா சீனாவில் தொடங்கி யப்பான் வரை போகும், ஆப்கானிஸ்தானுக்கும் போய் வரும், நெடுங்கேணிப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்காது. அருங்காட்சியகம் என்றதும் சனம் ஆசையாகக் கொண்டுவந்த உரல், றங்குப்பெட்டி, அரிக்கன் லாம்பு எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார்.

"இது கலையில்லைப் பிள்ளை. தட்டுமுட்டு."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "இடம்பெயர்ந்து ஓடின சனம் சீனக் கிண்ணமோ ஐயா காவிக்கொண்டு ஓடும்?" என்று கேட்டேன். அன்றைக்கே மனிதர் றங்குப்பெட்டிக்காரியைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டு, பெட்டியைத் தானே சுமந்து வந்ததையும் சொல்லத்தான் வேண்டும். வந்ததும் அதையும் கவிழ்த்துப் பார்த்தார்.

இன்னொரு வியாதியும் இருந்தது. எந்தப் பொருளென்றாலும், "இது எங்கையிருந்து வந்தது? ஆர் ஆருக்குக் குடுத்தது?" என்று விசாரிப்பார். அந்த வியாதிதான் அவருடைய வேலைக்கே உலை வைத்தது. அந்தப் பெரிய அருங்காட்சியகத்தில் எல்லாச் சிலைக்கும் கீழே 'அன்பளிப்பு' என்று எழுதியிருக்குமாம். ஒரு வெண்கல அம்மனைக் காட்டி, இவவை அன்பளிப்புச் செய்தது கோயிலோ, கோயிலுக்குத் துவக்கோடு போன துரையோ என்று ஒரு கூட்டத்தில் கேட்டிருக்கிறார். உடனேயே ஒரு மணிக்கூட்டையும் பூச்செண்டையும் கொடுத்து, ஓய்வெடுங்கோ என்று வழியனுப்பிவிட்டார்கள். திரும்பிப் போக அங்கே இடமில்லை. இங்கே இருந்ததும் இந்த ஓர் அறைதான்.

அதற்கும் ஆபத்து வந்தது. திறப்புவிழாவுக்கு முன் சனம் பார்க்கிற மாதிரி ஒரு பொருளாவது வராவிட்டால் அறையை உர மூட்டை அடுக்கக் கொடுத்துவிடுவேன் என்று சபைத் தலைவரான தவிசாளர் அடித்துச் சொல்லிவிட்டார். ஆசியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் உள்ளூர்க் குளக்கட்டு ஒன்றில், மருத மரத்தடியில், எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு பிள்ளையாரைக் கண்டார். கண்டதும் மனிதர் அழுதேவிட்டார். "பழசு பிள்ளை, மெத்தப் பழசு!" என்று வெள்ளைக் கையுறையை மாட்டினார். அப்போது அந்த ஊர்ச் செல்லம்மாக்கா வழக்கம்போல எண்ணெய் வைக்க வந்தார்.

"தொடாதேங்கோ!" என்று ஆசியா கத்திக் குளறினார்.

"நீங்கள் தள்ளி நில்லுங்கோ தம்பி. குளிச்சனீங்களோ?" என்றார் செல்லம்மாக்கா.

சிலை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, வாய்க்கால் பார்க்கிற கந்தையாண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னார். "பக்கத்து ஊரிலை களவெடுத்தது ஐயா. என்ரை அப்புதான் தூக்கினவர்."

"அவைக்கு எப்பிடி வந்தது?"

"அவையும் களவெடுத்ததுதான். களவெடுத்த பிள்ளையாருக்குத்தானே சக்தி கூட."

"பொலிசுக்குப் போகேல்லையோ?"

"என்னத்துக்கு? இங்கை முதல் பொங்கலுக்கு அரிசி தந்ததே அவைதானே."

உலகத்து அருங்காட்சியகமெல்லாம் மூடி மறைக்கிற சங்கதியை இந்த மனிதன் வெற்றிலை போட்டபடி சொல்லிவிட்டாரே என்று ஆசியா அதிசயப்பட்டார். இருந்தாலும் பழக்கம் விடுமா? மூன்று மொழியில் விண்ணப்பம் அடித்துக்கொண்டுபோய், சிலையை இரவலாகத் தரும்படி கேட்டார்.

"குடுக்கேலாது ஐயா," என்றார் கந்தையாண்ணை. "கேட்டுக் குடுத்த பிள்ளையார் நிக்கமாட்டார்." பிறகு தொண்டையைச் செருமினார். "வியாழக்கிழமை மத்தியானம் நாங்கள் எல்லாரும் வயலுக்குப் போறம். குளத்தடியிலை ஒரு குருவியும் இராது."

"ஐயையோ, அப்ப சிலையை ஆர் பாக்கிறது?" என்று ஆசியா பதறினார். "நான் வந்து காவலிருக்கிறன்!"

கந்தையாண்ணை என்னைப் பார்த்தார். நான் தலையில் கை வைத்தேன்.

வந்து களவெடுக்கச் சொல்லித்தான் அந்தப் பேச்சு என்று வரும் வழியில் விளங்கப்படுத்தினேன். மனிதர் சைக்கிளை நிற்பாட்டிவிட்டார். "இதைத்தானே பிள்ளை நான் பிழையெண்டு சொல்லி வேலையைத் துலைச்சனான்?"

"அங்கை துவக்கைக் காட்டி எடுத்தவை. இங்கை சனமே எடுங்கோ எண்டு நிக்குது. அதுவும் இதுவும் ஒண்டோ?"

வியாழக்கிழமை போனோம். வயலுக்குப் போன சனம் முழுவதும் குளக்கட்டில் வரிசையாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றது. ஓர் உழவு இயந்திரம், பின்னால் பெட்டி பூட்டியபடி, திறப்பும் செருகியபடி, அநாதையாகக் கிடந்தது. ஆசியா கையுறையோடு பிள்ளையாரைக் கட்டிப்பிடித்தார். எண்ணெயில் வழுக்கிச் சேற்றில் குந்திவிட்டார். எழும்பித் திரும்பவும் பிடித்தார்.

"அண்ணை, ஒருக்காப் பிடிச்சுவிடுங்கோவன்!"

"நான் பாக்கேல்லை ஐயா," என்றார் கந்தையாண்ணை வானத்திடம். "பாத்தால் களவில்லை."

"இடப்பக்கம் சரிச்சுத் தூக்கச் சொல்லுங்கோ," என்று செல்லம்மாக்காவும் வானத்திடமே சொன்னார்.

கையுறையைக் கழற்றி எறிந்த பிறகுதான் பிள்ளையார் அசைந்தார். இந்த மனிதர் வெறுங்கையால் ஒரு சிலையைத் தொட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

திறப்புவிழாவில் தவிசாளர் திரையை விலக்கினார். கீழே ஆசியாவின் கையெழுத்தில் பெரிதாக எழுதியிருந்தது: 'பெறப்பட்ட விதம்: களவு. களவெடுத்தவர்: காப்பாளர்.' தவிசாளருக்கு முகம் வெளிறிவிட்டது. சனம் கைதட்டி ஓயவில்லை. உர மூட்டைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. குளத்தடிக்கும் வேறொரு பிள்ளையார் வந்துவிட்டார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. செல்லம்மாக்கா இரண்டு பேருக்கும் எண்ணெய் வைக்கிறார்.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து ஆசியாவின் மகன் வந்தான், அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போக. நெஞ்சு நோவுள்ள மனிதனைத் தனியே விடலாமா என்று அவன் கேட்டது நியாயம்தான். ஆசியா பெட்டி அடுக்கினார். "பிள்ளை கேக்கிறான். குடுக்கத்தானே வேணும்," என்று குளக்கட்டில் நின்று எங்களிடம் சொன்னார், மருத மரத்தைத் தடவிக்கொண்டே.

"கேட்டுக் குடுக்கிறது நிக்காது ஐயா," என்றார் கந்தையாண்ணை.

அடுத்த நாள் காலை வாகனம் வந்தது, பெட்டி இருந்தது, ஆசியா இல்லை. மகன் தேடித்தேடிக் குளத்தடிக்கே வந்துவிட்டான். "அப்பாவைக் கண்டியளோ?"

கந்தையாண்ணை வானத்தைப் பார்த்தார். செல்லம்மாக்காவும் பார்த்தார். மகன் என்னிடம் திரும்பினான். நான் அரசாங்க உத்தியோகத்தர், பொய் சொல்லக்கூடாதவள். ஆனால் எங்கள் எல்லாரையும் ஆட்டிப்படைத்த அந்த உதவாக்கரைக் கள்ளன் இல்லாத அறையில் எனக்கு என்ன வேலை? நானும் அண்ணாந்தேன்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்திலிருந்த செல்லம்மாக்காவின் வீட்டுக் குசினிக்குள் ஒரு சட்டி கவிழ்ந்தது. "ஐயோ, குழம்பு!" என்று ஒரு குரலும் கேட்டது.

மகனுக்கு அந்தச் சத்தம் சின்ன வயதிலிருந்தே பழக்கமாக இருக்க வேண்டும். சிரிப்பும் அழுகையுமாக வாகனத்துக்குப் போனான். பிறகு அப்பாவின் மருந்துப் பையை எடுத்துவந்து செல்லம்மாக்காவின் வாசல் படலையில் கொழுவிவிட்டு, எங்கள் வரிசையில் வந்து நின்று, அவனும் வானத்தைப் பார்த்தான்.