சக்கரச் சித்தரின் பிராண மீட்டர்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் அந்தப் போஸ்டர் ஒட்டப்பட்ட அன்றே ஊருக்குப் பாதி வியாதி தீர்ந்துவிட்டது. மீதிப் பாதி, போஸ்டரை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்ததும் தீர்ந்தது.

'சக்கரத்தைச் சுற்று! சர்க்கரையை விரட்டு! இமயத்தில் தவமிருந்த சக்கரச் சித்தர் அருளும் பிராண மீட்டர்!'

கீழே சித்தரின் படம். காவி வேட்டி, நெஞ்சுவரை தாடி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். உற்றுப் பார்த்தால் அந்த ஒளிவட்டம் ஒரு சைக்கிள் சக்கரம். ரிம்மும் டயரும் அப்படியே தெரிந்தன. காற்று அடிக்கும் வேலையை மட்டும் பக்தகோடிகளுக்கு விட்டுவைத்திருந்தார்.

சித்தர் நேரம் பார்த்துத்தான் இறங்கியிருந்தார். அந்த வருஷம் சுற்று வட்டாரத்தில் மருத்துவ முகாம் நடந்து, வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை சாப்பிடுங்கள், தினமும் நடங்கள், முடிந்தால் சைக்கிள் மிதியுங்கள் என்றார் டாக்டர். மாட்டுக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளெல்லாம் வெளியே வந்தன. காலையில் தெருவில் பெல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டாக்டர் சொன்னது இலவசம். அதனால் யாருக்கும் அதில் முழு நம்பிக்கை வரவில்லை. சித்தர் காசு கேட்டார். உடனே நம்பிக்கை வந்துவிட்டது.

ஆடி மாதம், கல்யாணம் இல்லை. ஊருக்கு வெளியே சும்மா கிடந்த கல்யாண மண்டபத்தைச் சித்தர் வாடகைக்குப் பிடித்தார். பழையசீவரம், கூரம், காவாந்தண்டலம் என்று எல்லாத் திசையிலிருந்தும் சைக்கிள்கள் வந்தன. வருகிறவர்களுக்குக் காலையில் இட்லி நாஷ்டா. பிராணனுக்கு மீட்டர், வயிற்றுக்கு இட்லி. கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்?

மீட்டர் என்பது தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதைச் சைக்கிளின் ஹேண்டில்பாரில் கட்டுவார். அதிலிருந்து ஒரு ஒயர் முன் சக்கரத்துப் பக்கம் இறங்கும். அதன் முனையில் இருந்த சின்னக் குமிழுக்கு 'சூட்சும விழி' என்று பெயர். சக்கரத்தின் கம்பியில் விபூதி பூசி ஒரு கல்லைப் பொருத்துவார். அது 'ஞானமணி'. சக்கரம் சுற்றினால் பெட்டியில் எண் ஏறும். அவ்வளவுதான். அந்த எண் ஏற ஏற ரத்தத்தில் சர்க்கரை இறங்குமாம். சாதா தீட்சை வாங்கினால் மெதுவாக ஏறும். ஸ்பெஷல் தீட்சை வாங்கினால் குதித்துக் குதித்து ஏறும்.

காவாந்தண்டலத்து வேதகிரி ஸ்பெஷல் வாங்கினார். நெல் விவசாயி, ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரைக்காரர். சினைக்கு நின்ற கிடேரியை மனைவியைக் கேட்காமல் விற்றுவிட்டு வந்திருந்தார்.

"மகனே, உன் பிராணன் உறங்குகிறது. சக்கரம் சுழன்றால் விழித்துவிடும்" என்றார் சித்தர்.

"மாத்திர போட்டுக்கினு கீறேனே சாமி?"

"பிராணன் ஓடும் பாதையில் மாத்திரை ஒரு வேகத்தடை!"

வேதகிரி சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துச் சித்தரின் காலடியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு மெடிக்கல் ஷாப் அளவுக்குக் குவிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஆதிலட்சுமி பெட்டியைப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது?"

"பிராண மீட்டரு."

"கிடேரி எங்க?"

வேதகிரி பெட்டியைக் காட்டினார். ஆதிலட்சுமி அன்று ராத்திரிச் சோறு போடவில்லை. ஸ்பெஷல் தீட்சை வாங்கியவருக்குப் பசிக்காது என்று விட்டுவிட்டாள்.

வேதகிரி தினமும் மிதித்தார். முதல் சில நாள் உடம்பு லேசாகத்தான் இருந்தது. மிதித்தது அவருடைய கால்கள். பெயரைத் தட்டிக்கொண்டு போனது பெட்டி. பிறகு ஆள் இளைக்க ஆரம்பித்தார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். கண் மங்கலாகத் தெரிகிறது என்றார்.

"யோவ், மாத்திரய போடுய்யா. மூஞ்சியே சரியில்ல."

"உனக்கு ஒண்ணும் தெரியாதுமே. சக்கர கரைஞ்சி வெளிய போய்க்கினு கீது. சாமி சொன்னாரு. எண்ணப் பாரு, எப்டி ஏறிக் கீது!"

எண் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஒரு காலையில் எண் இருந்த இடத்திலேயே நின்றது. வேதகிரி ஏரிக் கால்வாய்ச் சேற்றில் சைக்கிளோடு விழுந்து கிடந்தார்.

அந்த வழியாக ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சோபியா வண்டியை நிறுத்தினாள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஆள் வைத்துத் தூக்கி அங்கே கொண்டுபோய், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் மிஷினில் வைத்தாள். மிஷின் எண் எதுவும் காட்டவில்லை. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து காட்டியது: HI. ஓடி வந்த ஆதிலட்சுமியிடம் வேதகிரி பாதி மயக்கத்தில் சிரித்தார்.

"பாத்தியாமே, மிஷினே எனக்கு ஹாய் சொல்லுது."

"அண்ணா, அது ஹாய் இல்ல, ஹை! எண்ணுல காட்ட முடியாத அளவுக்குச் சக்கர ஏறிக் கீது" என்றாள் சோபியா. அடுத்த நிமிஷமே காஞ்சிபுரத்துக்கு ஆம்புலன்ஸ் சொன்னாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஏற்றி ஆளை மீட்டார்கள். கண்ணைத் திறந்ததும் வேதகிரி சொன்ன முதல் வாக்கியம்: "மீட்டரு மட்டும் இல்லன்னா நானு செத்தே போயிருப்பேன்."

டாக்டர் ஆதிலட்சுமியைப் பார்த்தார். ஆதிலட்சுமி சுவரைப் பார்த்தாள்.

வீட்டில் மிச்சமிருந்த மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அவள் ஊருக்கு வந்தாள். சேற்றோடு கிடந்த சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவினாள். முன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு ஒரு குவளைத் தண்ணீரை வீசினாள். பெட்டியில் எண் ஏறியது. கை ஓங்கி மறுபடி சுற்றினாள். இன்னும் ஏறியது. பிராணனுக்குச் சொந்தக்காரர் காஞ்சிபுரத்தில் சலைன் பாட்டிலுக்குக் கீழே படுத்திருக்கிறார். அவருடைய பிராணன் இங்கே காவாந்தண்டலத்தில் குழாயடியில் ஏறிக்கொண்டிருக்கிறது!

ஆதிலட்சுமி ஞானமணியைக் கழற்றினாள். சுற்றினாள். எண் அசையவில்லை. கழற்றிய மணியைக் கீழே வைக்கப் போனாள். அது பக்கத்தில் கிடந்த அரிவாள்மனையில் போய் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது.

"அட, காந்தம்!"

வேதகிரி வீடு திரும்பிய வாரத்தில் மண்டபத்தில் 'பிராணப் பெருவிழா'. சித்தர் அவரை மேடையில் ஏற்றினார்.

"எமனின் வாசல்வரை சென்றவன்! மீட்டர் அவனை இழுத்து வந்தது!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆதிலட்சுமி எழுந்தாள். அவள் கூட்டி வந்திருந்த சோபியாவும் கூடவே எழுந்தாள்.

"சாமி, எனக்கு ஒரு சந்தேகம். எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருக்க சொல்ல, நானு கையால சக்கரத்த சுத்துனேன். அவரு எண்ணு ஏறுது. அது எப்டி?"

சித்தர் கண்ணை மூடித் திறந்தார். "தாயே! உன் கை பட்டது. உன் பதிபக்தி சக்கரத்தில் இறங்கியது!"

கூட்டம் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டது. பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் பெண்களின் பதிபக்திதான் எவ்வளவு உதவியாக இருக்கிறது!

"சரி. கை படாம சுத்தறத காட்டட்டுமா?" என்றாள் ஆதிலட்சுமி.

மண்டபத்துச் சமையல்கட்டில் மறுநாள் இட்லிக்குப் பெரிய கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லி, தொட்டியின் வெளிப்புறத்தில் காந்தத்தைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். கணவரின் ஸ்பெஷல் பெட்டியைச் சோபியா பிடித்துக்கொண்டாள். சாதா தீட்சை வாங்கிய பக்கத்து நிலத்துக் கன்னியப்பனைக் கூப்பிட்டு, அவருடைய பெட்டியையும் கழற்றி வரச் சொன்னாள். இரண்டு ஒயரின் முனையும் தொட்டியை ஒட்டி நின்றன. கூட்டம் சமையல்கட்டு வாசலில் நெருக்கியடித்தது. ஜன்னலில் தலைக்கு மேல் தலை.

சுவிட்சைப் போட்டார்கள். தொட்டி சுற்றியது. எண் ஏறியது.

"சாமி, கிரைண்டருக்குச் சக்கர எறங்குதா? இதுக்கும் மாத்திரய நிறுத்திடலாமா?"

யாரோ ஒருவர் சிரித்தார். சித்தர் விடவில்லை. "ஜடத்திலும் பிராணன் உண்டு, தாயே!"

அதற்குள் கன்னியப்பன் கையிலிருந்த பெட்டியையும் சோபியா கையிலிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாமா இது? ஒரே கிரைண்டரு, ஒரே மாவு. என்னுது நத்த மாதிரி ஊருது, வேதகிரியுது பிச்சிக்கினு போவுது?"

"அவருது ஸ்பெஷலு, உங்களுது சாதா" என்றாள் ஆதிலட்சுமி. "கிரைண்டரு எந்தத் தீட்ச வாங்கிச்சின்னு சாமிய கேளுங்க."

சித்தர் தாடியைத் தடவினார்.

சோபியா இரண்டு பெட்டியிலும் பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இது சைக்கிள் மீட்டருங்க. காந்தம் எத்தினி தடவ சுத்திச்சின்னு எண்ணும். சக்கரத்து அளவு இன்னான்னு நாமதான் பட்டன அமுக்கிச் சொல்லணும். ரெண்டயும் பெருக்கி, இவ்ளோ தூரம் போயிருக்கன்னு காட்டும். சாதாவுல சைக்கிள் சக்கரத்து அளவு கீது. ஸ்பெஷல்ல லாரி சக்கரத்து அளவ போட்டு வெச்சிக்கீறாரு."

வேதகிரி மெல்லக் கேட்டார். "அப்ப நானு காசு குடுத்தது லாரி சக்கரத்துக்கா?"

"கிடேரிய குடுத்துட்டு லாரி சக்கரம்கூட வரல. அதோட நம்பர்தான் வந்துக்கீது" என்றாள் ஆதிலட்சுமி.

கூட்டம் சித்தரைச் சூழ்ந்தது. இமயத்துத் தமிழ் அவரை விட்டு ஓடிப்போனது.

"யக்கா, இன்னாத்துக்குப் பேஜார் பண்ற? நானு பாட்டுக்குத் தொழில் பண்ணிக்கினு கீறேன்..."

"இமயமலையில இப்டித்தான் பேசிக்கிறாங்களா?" என்றார் கன்னியப்பன்.

மிச்சத்தைச் சித்தரே கொட்டினார். பெயர் தினகரன். செங்கல்பட்டுப் பக்கம் சைக்கிள் சாமான் கடை வைத்து நொடித்தவர். மூட்டை மூட்டையாக மீட்டர் வாங்கிப் போட்டுவிட்டார்.

"வெறும் மீட்டருன்னு சொல்லித்தான் மொதல்ல வித்தேன் யக்கா. ஒருத்தன்கூட வாங்கல. 'டீக்கடைக்குப் போய் வர்றவனுக்கு மீட்டரு இன்னாத்துக்கு'ன்னு கேட்டாங்க. நல்லா வெவரமாத்தான் கேட்டாங்க. அதே மீட்டருல விபூதி பூசினேன். வரிசையில நின்னு வாங்கினாங்க. நானு இன்னா பண்ணட்டும்?"

அன்றைக்கு அந்த ஆள் சொன்ன ஒரே உண்மை அதுதான். அது எல்லாருக்கும் சுட்டது.

போலீஸ் வந்து தினகரனை அழைத்துப் போனது. தாடியில் ஒரு பக்கம் மட்டும் பிய்ந்து தொங்கியது. சித்தர் உட்காரும் இடத்தில் குவிந்திருந்த மாத்திரைகளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதையெல்லாம் எடுத்து விழுங்கிவிடாதீர்கள், நாளைக்கு வந்து புதுசாகவே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சோபியா கத்திக்கொண்டிருந்தாள்.

வேதகிரி பெட்டியைக் கையில் வைத்துப் புரட்டினார். "அப்ப இது ஒண்ணுத்துக்கும் ஆவாதாமா?"

"அப்டியில்லண்ணா. பந்தயத்துல ஓட்றவங்களுக்கு வேணும். எவ்ளோ தூரம் போனோம்னு பாக்கறதுக்கு ஆசயா இருந்தா வெச்சிக்கலாம், தப்பில்ல. நீங்க காலையில ஏரிக்கர வரைக்கும் போய் வர்றீங்க. ஏரி எங்க கீதுன்னு உங்களுக்குத் தெரியாதா? மிதிங்க, மாத்திரய போடுங்க, சக்கரய ரத்தத்துல பாருங்க. ஹேண்டில்பாருல பாக்காதீங்க."

வேதகிரி தலையாட்டினார். மனைவி பக்கம் திரும்பினார். ஆதிலட்சுமி அவரைத் திட்டவில்லை. "சைக்கிள எடுய்யா, வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோவிந்தம்மாள் வந்தாள். சாதா தீட்சை, ஸ்பெஷல் தீட்சை இரண்டையும் வாங்கியவள். கண்ணெல்லாம் தண்ணீர். வந்த வேகத்தில் ஆதிலட்சுமியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"தாயே! உம்மேல ஆத்தா எறங்கிக்கீறா! கிரைண்டருலயே உண்மைய காட்டிட்டியே! எனக்கொரு வாக்குச் சொல்லு தாயே!"

பின்னால் நாலைந்து பேர் செருப்பைக் கழற்றினார்கள். ஒருத்தி கற்பூரம் தேடினாள்.

ஆதிலட்சுமி குனிந்து கோவிந்தம்மாளின் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"வாக்குத்தான வேணும்? சொல்றேன், கேளு. தலைய கண்ட எடத்துல தரையில வெச்சிக்கினே இருந்தீன்னா அதுக்குள்ள மண்ணுதான் போவும். எழுந்து நின்னு கொஞ்சம் யோசி!"