தங்கப்பழம் அண்ணாச்சி ஓடிய அரை மாரத்தான்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தார். காடு என்பதெல்லாம் நம் வசதிக்காகச் சொல்வது. அங்கே குடியிருப்பவர்கள் காதில் விழுந்தால் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது மாநகரம். ஆலமரங்கள் எல்லாம் அடுக்குமாடி ஆகிவிட்டன. ஆற்றுக்குக் குறுக்கே பெரிய மேம்பாலம் வந்துவிட்டது. ஆறு மட்டும் இப்போது இல்லை.

கரடியின் பெயர் தங்கப்பழம். நாவல் மரத் தெருவில் தேன் கடை வைத்திருந்தார். முயலிலிருந்து முதலை வரைக்கும் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்கள். சரக்கு எடுப்பதும் அவரே, ருசி பார்ப்பதும் அவரே. ருசி பார்ப்பதில் அவர் காட்டிய அக்கறை வருஷா வருஷம் இடுப்பைச் சுற்றிச் சேர்ந்துகொண்டே வந்தது.

ஒருநாள் சரக்கு எடுக்கப் போன இடத்தில் மரப்பொந்துக்குள் தலையை விட்டவர், இடுப்போடு மாட்டிக்கொண்டார். உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. தீயணைப்பு நிலையத்திலிருந்து யானைகள் வந்து, காலில் கயிறு கட்டி, 'ஐலசா' போட்டு இழுத்தன. வெளியே வந்தபோது அவருக்கு உயிர் இருந்தது, மானம் இல்லை. எதிர் மரத்துக் குரங்குகள் அத்தனையையும் செல்போனில் படம் பிடித்து, பின்னணியில் ஒரு நாதஸ்வரத்தையும் சேர்த்து, காடு முழுக்க அனுப்பிவிட்டிருந்தன.

மறுநாள் முதல் கடைக்கு வந்தவர்கள் தேனைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய பின்பக்கத்தைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, அது நீங்கதானே?"

"எது?"

"இல்ல, சும்மா கேட்டேன். கால் கிலோ போடுங்க."

அவர் மனைவி செண்பகம் நடைமுறை தெரிந்தவள். "அழிக்கச் சொன்னா இன்னும் நாலு பேருக்கு அனுப்புவானுவ. அதைவிடப் பெருசா வேற ஒரு படம் வந்தா இதைத் தன்னால மறந்துருவாவ. நல்லதா ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க" என்றாள்.

"நான் என்ன செஞ்சு போட்டோ எடுக்க?"

அதற்கு வழி சொன்னவன் மேல்மாடியில் குடியிருந்த புள்ளிமான் கலாதரன். வருஷத்துக்கு நாலைந்து மாரத்தான் ஓடுகிறவன். வாங்கிய மெடல்களைக் கொம்பின் ஒவ்வொரு கிளையிலும் தொங்க விட்டிருப்பான். தலையாட்டிப் பேசினால் கோயில் மாடு வருவதுபோலச் சத்தம் கேட்கும்.

"அண்ணாச்சி, மாரத்தானுக்குப் பேரைக் குடுங்க. முடிவுக் கோட்டைத் தாண்டினதும் கழுத்துல மெடல் போடுவாங்க. அப்படியே ஒரு போட்டோ. ஊரே வாயை மூடிக்கும்."

"எவ்வளவு தூரம்டே?"

"உங்களுக்கு அரை மாரத்தான் போதும். இருபத்தோரு கிலோமீட்டர்."

"அரையே இவ்வளவுன்னா, இதுல முழுசா ஓடுதவன் வீட்டுல என்ன பிரச்சனை?"

கலாதரன் சலங்கைச் சத்தத்தோடு சிரித்தான். "நான் கூடவே வர்றேன் அண்ணாச்சி. உங்களை விட்டுட்டு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்."

தங்கப்பழம் பேரைக் கொடுத்தார். ஷூ வாங்கப் போனார். கடைக்காரக் கீரி ஜோடியாகத்தான் தருவேன் என்றது. அவருக்கு நாலு கால். ஒரே நிறத்தில் இரண்டு ஜோடி இருப்பில் இல்லை. முன்னங்கால்களுக்குப் பச்சையும் பின்னங்கால்களுக்கு ஆரஞ்சும் வாங்கி வந்தார். நாடித் துடிப்பு பார்க்கும் கைக்கடிகாரம் ஒன்றையும் கீரி அவர் தலையில் கட்டிவிட்டது. பயிற்சி என்று பார்த்தால், ஒருநாள் ஓடினார். அடுத்த நாள் உடம்பு வலி. அதற்கடுத்து மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் செண்பகத்தின் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. கல்யாணம் என்றால் விருந்து இல்லாமலா?

ஓட்ட நாள் வந்தது. விடிவதற்கு முன்பே மைதானம் நிரம்பி வழிந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் புதர்கள்தான். ஆனாலும் எல்லோரும் பிளாஸ்டிக் கழிப்பறைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். தங்கப்பழத்துக்கு முன்னால் ஒரு யானை நின்றது. அது உள்ளே போனது, பிறகு கழிப்பறையோடு வெளியே வந்தது. வரிசை கலைந்தது.

மேடையில் மயில் ஒன்று எல்லோரையும் கையைத் தூக்கச் சொல்லி ஆட்டம் போட வைத்தது. பிறகு ஏற்பாட்டாளர் நரி சதாசிவம் மைக்கைப் பிடித்தார். வெள்ளை டீ-ஷர்ட், கழுத்தில் விசில். உட்கார்ந்த வாழ்க்கைதான் உடம்புக்கு எமன் என்று ஆரம்பித்து, ஓடினால் இதயத்துக்கு என்ன ஆகும், ஈரலுக்கு என்ன ஆகும் என்று உள்ளுறுப்பு ஒவ்வொன்றாக விளக்கினார். பேச்சு முழுவதும் ஒரு பேட்டரி காரில் உட்கார்ந்தபடிதான்.

"இந்த வருஷம் ஒருத்தரைக்கூட வழியில் அநாதையா விட மாட்டோம். கடைசியில வர்றவங்களைக் கவனிச்சுக்கிறதுக்குத் தனி ஏற்பாடு செஞ்சிருக்கோம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். தங்கப்பழம் பின்னங்கால்களில் எழுந்து நின்று தட்டினார்.

விசில் ஒலித்தது. "கூடவே வர்றேன்" என்ற கலாதரன் அதோடு கண்ணிலிருந்து மறைந்தான்.

முதல் இரண்டு கிலோமீட்டர் சொர்க்கம். ரோட்டின் இரண்டு பக்கமும் கூட்டம். அணில் குஞ்சுகள் கையை நீட்டின, அவர் தட்டிக்கொண்டே ஓடினார். "சூப்பர் அண்ணாச்சி!" என்று யாரோ கத்தினார்கள். நமக்குள்ளே இவ்வளவு நாள் ஒரு வீரன் தூங்கிக்கொண்டிருந்தானே என்று நினைத்துக்கொண்டார். மூன்றாவது கிலோமீட்டரில் அந்த வீரன் மறுபடியும் தூங்கிவிட்டான்.

ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். குஞ்சுகளோடு வாத்து போனது. செல்போனில் வீட்டுக் கடன் பற்றிப் பேசிக்கொண்டே ஒரு காட்டெருமை போனது. பக்கவாட்டில் ஓடும் நண்டு ஒன்று, "எக்ஸ்கியூஸ் மீ" சொல்லிவிட்டுத் தாண்டியது. தண்ணீர்ப் பந்தலுக்கு வந்து சேர்ந்தபோது, தொண்டுக்கு நின்ற குரங்குகள் மேஜையில் மல்லாந்து கிடந்தன.

"வாழைப்பழம் தருவாவன்னு சொன்னாவளே?"

"தோல் இருக்கு அண்ணாச்சி."

நாக்கு தள்ள, நாலு கால் பாய்ச்சலில் அவர் போய்க்கொண்டிருந்தபோது கைக்கடிகாரம் கிர்ரென்று அதிர்ந்தது. 'நீண்ட நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். சற்று எழுந்து நடக்கவும்' என்றது. அதைக் கழற்றி மேம்பாலத்துக்குக் கீழே எறிந்தார்.

மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி வந்தபோது சுற்றிலும் யாரும் இல்லை. வெயில் ஏறியிருந்தது. அப்போதுதான் பின்னால் அந்தக் காலடிச் சத்தம் கேட்டது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, பஞ்சு விழுகிற மாதிரி. பரவாயில்லை, நமக்கும் பின்னால் ஒரு ஆத்மா வருகிறது என்று சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு பெண்புலி. வரிகளுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் 'ஏற்பாடு' என்று எழுதிய மேல்சட்டை போட்டிருந்தது.

"நிக்காதீங்க, நடந்துகிட்டே பேசுங்க. நின்னீங்கன்னா எனக்குக் கை பரபரங்குது" என்றாள் புலி. "என் பேரு கோமளம்."

"நீங்களும்... ஓடுதியளா?"

"இல்லைங்க, வேலையா வந்திருக்கேன். போன வருஷம் வரைக்கும் கடைசி ஆளுங்களை ஏத்திகிட்டு வர மாட்டு வண்டி விட்டாங்க. வாடகை கட்டுப்படி ஆகலையாம். இந்த வருஷம் சதாசிவம் சார் என்கிட்ட பேசினார். சம்பளம் கிடையாது. ஒரே வேகத்துல நான் பின்னால வரணும். யார் யார் எனக்குப் பின்னால தங்கிப் போறாங்களோ, அவங்க என் பொறுப்பு."

"பொறுப்புன்னா?"

கோமளம் நாக்கால் மீசையை ஒரு தரம் துடைத்துக்கொண்டாள்.

தங்கப்பழம் ஓடினார். எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தராத ஓட்டம் அது. வயிறு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் என்று ஓடினார். மேம்பாலத்தின் உச்சியைத் தாண்டியதும் பின்னங்காலில் சதை பிடித்துக்கொண்டது. சடாரென்று உட்கார்ந்தார். கண்ணை மூடினார். செண்பகம் ஞாபகம் வந்தது. கல்யாணத்தில் இன்னும் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டிருக்கலாம் என்பதும் ஞாபகம் வந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தார். ஓர் அடி பின்னால் கோமளமும் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மேடு ஏறினதுல முட்டி பிடிச்சுகிச்சு" என்று முனகினாள். "நேத்து முந்தாநாள் சாப்பிட்டிருந்தா தெம்பு இருந்திருக்கும்."

"இங்கனயே... நான் இருக்கேனே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் அண்ணாச்சி.

"நீங்க எனக்கு ஒரு அடி முன்னால இருக்கீங்க. விதின்னு ஒண்ணு இருக்குல்ல? வேலையில நான் சுத்தம்." அவள் குரலில் பெருமை இருந்தது. பிறகு அது உடைந்தது. "முன்னெல்லாம் இந்தக் காட்டுல யாரும் ஓட மாட்டாங்க. நிம்மதியா மூணு வேளை சாப்பிட்டேன். இப்போ ஊரே பயிற்சி எடுக்குது. நேத்துப் பிறந்த முயல்கூட காலையில எழுந்து மூச்சுப் பயிற்சி செய்யுது. யாரைத் துரத்தினாலும் கைக்குச் சிக்கறதில்லை. பசிக்குதுன்னுதான் இந்த வேலைக்கே ஒத்துகிட்டேன்."

தங்கப்பழம் மெல்ல எழுந்து நாலடி நொண்டிப் போனார். போய்விடலாம்தான். திரும்பிப் பார்த்தார். ஆளில்லாத பாலத்தில் வெயிலில் அந்த அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவருக்கு இரக்கம் வந்தது உண்மை. கூடவே ஒரு கணக்கும் வந்தது: இவள் வந்து சேராமல் ஓட்டம் முடிந்ததாக ஆகாது. இவள் எவ்வளவு மெதுவாக வருகிறாளோ, அவ்வளவு நேரம் நாமும் மெதுவாக ஓடலாம்.

"எழுந்திரும்மா. ஒரு கையை என் முதுகுல வச்சுக்கிடுங்க. நகம் மட்டும் வெளிய வரப்படாது."

அப்படியே போனார்கள். அவர் ஓர் அடி முன்னால், அவள் ஓர் அடி பின்னால். அவர் தன் கடையின் வாடகைக் கதையைச் சொன்னார். அவள் பல்லில் இருக்கும் கூச்சத்தைச் சொன்னாள். வழியில் அவர் பையில் இருந்த கடலைமிட்டாயை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் சாப்பிடுவதையே அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைதானத்தை அடைந்தபோது மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முடிவுக் கோட்டின் மேல் நின்ற காற்றடைத்த வளைவு பாதி சுருங்கிப் படுத்திருந்தது. தங்கப்பழம் குனிந்து நுழைந்து கோட்டைத் தாண்டினார். அடுத்து கோமளம் தாண்டினாள். அப்போது பின்னாலிருந்து பாம் பாம் என்று ஹாரன் கேட்டது.

"ஓரமாப் போங்க, ஓரமா!"

பேட்டரி காரில் சதாசிவம். ரோட்டில் வைத்திருந்த கூம்புகளை எல்லாம் ஆள்விட்டு எடுத்துப் போட்டுக்கொண்டு, இவர்களுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"ஐயா, என் மெடல்?" என்றார் தங்கப்பழம். மூச்சு இன்னும் முழுதாக வரவில்லை.

"நேரம் முடிஞ்சாச்சு. மெடல் எல்லாம் பெட்டியில கட்டியாச்சு. வருஷத்தை மட்டும் சுரண்டிட்டா அடுத்த வருஷத்துக்கு ஆகும்."

இருபத்தோரு கிலோமீட்டரும் உயிருக்குப் பயந்து அழாத கரடி, அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதார். "உசுரு போனாலும் பரவாயில்லன்னு வந்தேனய்யா. கழுத்துல ஒரு நிமிஷம் போட்டுட்டுத் திருப்பித் தந்துருதேன்!"

சதாசிவம் அவரைக் கவனிக்கவே இல்லை. புலியிடம் எரிந்து விழுந்தார். "நீங்க வேலையை ஒழுங்காப் பார்த்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதும்மா. இவர் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்?"

"எனக்கு முன்னால வந்தாருங்க. விதிப்படி தொடக் கூடாது."

"விதியை எழுதினவனே நான்தான்!"

"தெரியுங்க. எனக்குப் பின்னால வர்றவங்கன்னுதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்தான். இதுல தெரிஞ்சவங்க, வேண்டியவங்கன்னு சலுகையே கிடையாது."

கோமளம் கோட்டைப் பார்த்தாள். அது அவளுடைய பின்னங்காலுக்குப் பின்னால் இருந்தது. காரின் முன்சக்கரம் அதற்கும் பின்னால் இருந்தது. பிறகு சதாசிவத்தைப் பார்த்தாள், மேல்சட்டையின் பித்தானைக் கழற்றினாள்.

சதாசிவம் புத்திசாலி. சட்டென்று புரிந்துவிட்டது. குதித்து ஓடத்தான் பார்த்தார். ஆனால் காலையிலிருந்து காரிலேயே உட்கார்ந்து வந்ததில் இரண்டு பின்னங்கால்களும் மரத்துப் போயிருந்தன.

தங்கப்பழம் அண்ணாச்சி நாகரிகம் தெரிந்தவர். அடுத்தவர் சாப்பிடும்போது பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெடல் பெட்டியைத் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கோமளம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவரைக் கொஞ்சம் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, நல்லதாக நாலு போட்டோ எடுத்துக் கொடுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

மறு வருஷமும் மாரத்தான் நடந்தது. ஏற்பாட்டாளராக இருக்க மட்டும் யாரும் முன்வரவில்லை. கடைசியில் ஓர் ஓணான் அரை மனதோடு ஒப்புக்கொண்டது. மேடையில் ஒரே வரியில் வாழ்த்திவிட்டு, மைக்கைப் போட்டுவிட்டு, விசிலுக்கு முன்னாலேயே அது ஓட ஆரம்பித்தது. கலாதரனுக்கு அந்த வருஷம் இரண்டாவது இடம்தான்.

நீதி: ஓடுவது நம் உடம்புக்கு நல்லது, நம்மை ஓடச் சொல்பவர் உட்கார்ந்தே வருவது இன்னொருவர் உடம்புக்கு நல்லது.