மாப்பிள்ளையின் கடல் தொட்டியும் டிக்கெட் எடுக்காத நத்தைகளும்

பெரம்பலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை வேல்முருகன் அவர்களுக்கு மாமியார் ரத்தினம்மாள் எழுதிக்கொள்வது.

இங்கே உங்கள் மனைவி தமிழ்மொழி சுகம், நான் சுகம், உங்கள் கடல் மீன் தொட்டியும் சுகம். நீங்கள் விசாரிக்கும் வரிசையில் எழுதாததற்கு மன்னிக்கவும். போனில் அனுப்பினால் கட்டைவிரல் படம் போட்டு முடித்துவிடுவீர்கள் என்பதால், துபாய் திரும்பும் லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் நீங்கள் அங்கிருந்தபடியே ஆர்டர் போட்ட பவளப்பாறைக் கல் வந்து சேர்ந்தது. தொட்டியில் வைத்த மூன்றாம் நாள், அதோடு டிக்கெட் எடுக்காமல் வந்த நத்தைகள் ஊர ஆரம்பித்தன. எல்லாம் பொடிசு. கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தேன்; கொத்தமல்லி விதை போல உருண்டையாக ஒரு வகை, அரிசிக் குருணை போல வெள்ளையாக, நீளமாக இன்னொரு வகை. முப்பது வருடம் சத்துணவு அரிசியில் வண்டு பொறுக்கிய கண் மாப்பிள்ளை, தப்பாது. ரெண்டு வகை இருக்கிறது என்று வீடியோ காலில் சொன்னேன். நீங்கள் ஏதோ வாட்ஸ்அப் குழுவில் கலங்கலான போட்டோவைப் போட்டு, முகம் தெரியாத நாலு பேரைக் கேட்டுவிட்டு வந்து சொன்னீர்கள்.

"எல்லாம் ஒரே இனந்தான் அத்தை. ஒண்ணு விடாம பொறுக்கிப் போட்டுடுங்க."

பொறுக்கினோம். நாலு நாள், இடுக்கியும் கையுமாக, சமைத்த குழம்பு ஆறிப்போக. உருண்டைகள் தொட்டிக் கண்ணாடியிலேயே மேய்ந்ததால் சுலபமாகச் சிக்கின. குருணைகள் போன இடம் தெரியவில்லை. அடுத்த வாரம் கண்ணாடி முழுக்கப் பாசி, நீங்கள் உயிராக நினைக்கும் நீலச் சிப்பி வாயே திறக்கவில்லை. உப்பு அளவில் தப்பு செய்துவிட்டாள் என்று தமிழ்மொழியைத் திட்டினீர்கள். அவளுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு டிகிரி என்றேன். தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரி என்று கேட்டீர்கள். அப்பறம் லைன் கட்டானது டவர் இல்லாததால இல்ல மாப்பிள்ளை, அவ அழுவறது உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு நான்தான் வெச்சேன்.

காய்ச்சல் விட்டதும் அவளே சிப்பியைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். குருணை அத்தனையும் அதன் விளிம்புக்கு அடியில். ஒன்றை டப்பியில் போட்டுக்கொண்டு, அரியலூருக்கு பஸ் ஏறி, தனக்கு விலங்கியல் நடத்திய சாரிடம் காட்டினாள். உருண்டை, பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யுமாம்; குருணைதான் சிப்பியின் சாற்றை உறிஞ்சுமாம். ஆக, வேலை செய்ததையெல்லாம் கொன்றுவிட்டு, உறிஞ்சியதையெல்லாம் வளர்த்திருக்கிறோம். அவள் பல் பிரஷ்ஷால் தேய்த்து முப்பத்தேழு எடுத்தாள். நேற்று சிப்பி திறந்துகொண்டது.

தமிழ்மொழி திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூட வேலைக்குப் போகிறாள். தொட்டி அந்த சாரின் கல்லூரிக்குப் போகிறது. நான் என் ஊர் கீழப்பழுவூருக்கே போகிறேன். இது யோசனை கேட்டு எழுதியது அல்ல, தகவல்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் அலையாதீர்கள். காகிதத்தில் மடித்து வைத்திருப்பது விபூதி. எந்த இனம் என்று குழுவில் கேட்காமல் பூசிக்கொள்ளவும்.

ஆசீர்வாதங்களுடன்,
ரத்தினம்மாள்.

பி.கு.: தொட்டியை ஏற்ற வந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டோம். இன்று காலை பாறையில் கடுகளவு நட்சத்திர மீன் ஒன்றைப் பார்த்தோம்; அதன் கைகளில் ஒன்று மட்டும் நீளம், மற்றதெல்லாம் குட்டை. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் எப்படி அனுப்புவது? தமிழ்மொழி வேலையில் சேர ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறாள். நானும் பையைப் பிரித்துவிட்டேன். நாங்களே பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் யாரையும் கேட்க வேண்டாம்.