ஒன்பது ஐம்பதுக்கு நான் ஜூட்

என் வாழ்க்கையில் பதினொரு நிமிடம் நான் கத்தோலிக்கனாக இருந்திருக்கிறேன். மதம் மாறவில்லை. நேரத்தைத்தான் மாற்றினேன், மற்றதெல்லாம் தானாக மாறிவிட்டது. அந்தப் பதினொரு நிமிடத்தில் நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து, தேவாலயத்தில் ஓர்கன் வாசித்து, உதைபந்தாட்டக் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கி, ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்தையும் சம்பாதித்திருந்தேன். பிறகு என் நெற்றி என்னைக் காட்டிக்கொடுத்தது.

அப்போது நான் பொறியியல் பீடத்தில் இறுதியாண்டு மாணவன். வருடத்தில் ஒரு நாள் நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து மாணவர்களை நேர்முகம் காணும். இந்த நாளைப் பற்றி எங்கள் வெள்ளவத்தை வீட்டில் நிலவிய கருத்தில் குழப்பமே இல்லை: கம்பஸ் வேலை கொடுக்கும். பட்டத்தையும் வேலையையும் ஒரே உறையில் போட்டுத் தருவார்கள் என்று அம்மா நம்பினார். தான் நம்பியதோடு நிற்காமல், எங்கள் தொடர்மாடியின் ஐந்து மாடிகளையும் நம்பவைத்தார்.

"கொம்பனிக்காரர் அங்க வந்து நிண்டு பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போவினமாம்" என்று நான்காம் மாடி அன்ரியிடம் அவர் சொன்னதை நானே கேட்டேன். ஏதோ முன்பள்ளி வாசலில் வான்கள் நிற்பது போல.

என்னுடைய அறிவும் இதைவிடப் பெரிதாக இல்லை. எங்களுக்கு முன் படித்த அண்ணா ஒருவரின் பதினான்கு நிமிடக் குரல்பதிவு மாணவர்களிடையே சுற்றிக்கொண்டிருந்தது. அதை ஆறு முறை கேட்டேன். (எந்த விரிவுரைக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை.) வளாகத்தை விட்டு வெளியேறும்போது கையில் வேலை இல்லாதவனை அதன் பிறகு எவரும் சீந்தமாட்டார்கள் என்றார் அவர். நேர்முகத்தில் இருப்பவர்கள் சொல்வதை ஒருபோதும் மறுக்காதே, 'நோ' என்று வாயெடுத்தால் அவர்கள் பேனையை மூடிவிடுவார்கள் என்றார். அந்த அண்ணாவுக்கு வேலை கிடைத்தது அவருடைய மாமாவின் அலுவலகத்தில் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். அன்றைக்கு அவர் எனக்கு வேதம்.

நான் விண்ணப்பித்தது நான்கு நிறுவனங்களுக்கு. அழைத்தது ஒன்று, மின்தூக்கிகளைப் பொருத்தும் நிறுவனம். அப்பா ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்த அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காலையில் பத்திரிகையை மடிக்கும்போது ஒரு தடவை மட்டும் என்னைப் பார்ப்பார். அந்த வெள்ளிக்கிழமை தவறினால் நான் ஆயுள் முழுக்க வேலையற்றவன், அப்பா ஆயுள் முழுக்கப் பத்திரிகை மடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார் என்பதுதான் என் கணக்கு.

எனக்கு ஒதுக்கிய நேரம் பதினொன்று பத்து. அதை அம்மாவிடம் சொன்னது முதல் பிழை.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் பிறகு ராகுகாலமெல்லோ!" என்றார் அம்மா. "பன்ரண்டு மட்டும் ராகுகாலம். நட்ட நடுவில போய் இருக்கப் போறியோ?"

"அம்மா, அது கொம்பனி குடுத்த நேரம்."

"கொம்பனிக்குப் பஞ்சாங்கம் தெரியாட்டி நாங்கள் என்ன செய்யிறது? ஆரோடயாவது மாத்து."

"அவனை விடுமப்பா" என்றார் அப்பா, பத்திரிகைக்குள் இருந்து.

அம்மா விடவில்லை. அதே நிறுவனத்துக்கு ஒன்பது ஐம்பதுக்கு அழைக்கப்பட்டிருந்தவன் ஜூட். கொட்டாஞ்சேனைக்காரன், நான்கு வருடமும் ஆய்வுகூடத்தில் என் பக்கத்து மேசை. தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மச்சான், எங்களுக்கு ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல. நீ ஒம்பது அம்பதுக்குப் போ. நான் ஆறுதலா எழும்பி பதினொன்னு பத்துக்குப் போறேன்."

"லிஸ்ட்ல உன்ர பேரெல்லோ இருக்கும்?"

"உள்ள போய் சொல்லிக்க. அவங்க என்ன, பாஸ்போர்ட்டா பாக்கப் போறாங்க?"

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அம்மா திருநீற்றை நீரில் குழைத்து என் நெற்றியில் மூன்று கோடு இழுத்துவிட்டார். கடற்கரை ரயிலில் நின்றபடியே அதைத் துடைத்தேன். உலகளாவிய தோற்றம் வேண்டும் என்று அந்தக் குரல்பதிவு சொல்லியிருந்தது. ரயில் கண்ணாடியில் பார்த்தேன், சுத்தம். ஈரத் திருநீறு கண்ணுக்குத் தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும் என்பது இருபத்து மூன்று வருடம் அதைப் பூசிக்கொண்டவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வியர்வை வேறு அதைக் காயவிடாமல் பார்த்துக்கொண்டது.

வாசலில் பட்டியலோடு நின்ற மாணவி "ஜூட்" என்று கூப்பிட்டாள். எழுந்து உள்ளே போனேன்.

அறையில் குளிரூட்டி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் இருவர். நரைத்த மீசையோடு ஒரு சிங்களவர். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். ஆங்கிலத்தில்தான் பேச்சு.

"காலை வணக்கம், ஜூட். உட்காருங்கள்" என்றார் மீசைக்காரர்.

நான் ஜூட் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்கு முதற்சொல்லாக 'நோ' வரவேண்டியிருந்தது. அண்ணாவின் குரல் காதில் ஒலித்தது. வாயை மூடி, மறுபடி திறந்து, "காலை வணக்கம், சேர்" என்றேன். அடுத்த கேள்வியில் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு பொய்யைத் திருத்த உகந்த நேரம் அது தொடங்குவதற்கு முந்திய நொடி. எந்தப் பஞ்சாங்கத்திலும் அது போடப்படுவதில்லை.

"பன்னிரண்டு வருடமாகத் தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிறீர்கள்" என்றார் அவர், ஜூட்டின் விண்ணப்பத்தைப் பார்த்தபடி.

"ஆம், சேர்."

"உதைபந்தாட்டத் தலைவர். எந்த இடத்தில் விளையாடுவீர்கள்?"

"நடுவில்" என்றேன். மைதானத்துக்கு நடு என்று ஒன்று கட்டாயம் இருக்கும் அல்லவா?

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என் நெற்றியைப் பார்த்தார். அறிவுக்களை தெரிகிறது போலும் என்று எண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்து இறுதியாண்டுச் செயற்றிட்டம். ஜூட் செய்தது துறைமுகப் பாரந்தூக்கிகளின் மோட்டார் பழுதடையப் போவதை முன்கூட்டியே சொல்லும் கருவி. அவனுடைய அறிக்கையை மூன்று தடவை திருத்திக் கொடுத்தவன் நான். இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது: அன்று நான் அதை மிக நன்றாக விளக்கினேன். தாள் கேட்டு வாங்கிப் படம்கூடப் போட்டேன். மற்றவனின் வேலை என்பதால் பயம் இருக்கவில்லை.

"இதில் நீங்கள் விட்ட பெரிய பிழை என்ன?" என்று கேட்டார் மீசைக்காரர்.

"இரண்டு வாரம் உணரியைத் தவறான மோட்டாரில் பொருத்திவைத்திருந்தேன், சேர். ஏன் எதுவும் பழுதாகவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்." அதுவும் ஜூட் விட்ட பிழைதான்.

அவர் மகிழ்ந்துபோனார். பக்கத்தில் திரும்பி, "பார்த்தீர்களா, இந்த நேர்மையைத்தான் நாங்கள் தேடுகிறோம்" என்றார்.

அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்தார். பிறகு தமிழில், மிக மென்மையாகக் கேட்டார்: "தம்பி, உங்கட உண்மையான பேர் என்ன?"

கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தேன். கறுப்புக் கழுத்துப்பட்டியில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. குளிரூட்டி தன் கடமையைச் செய்திருந்தது. மூன்று கோடும் பளிச்சென்று எழுந்து நின்றிருக்கின்றன.

"ஹரிகரன், மிஸ்."

"ஜூட் எங்க?"

"பதினொண்டு பத்துக்கு வருவான், மிஸ். அது என்ர நேரம். அப்ப ராகுகாலம். அம்மாதான்..."

மீசைக்காரருக்கு அந்தப் பெண் விளக்கத் தொடங்கினார். விளக்கம் தேவைப்படவில்லை. "ராகு காலயத?" என்றார் அவர் சிங்களத்தில், சிரிப்பில்லாமல். "மகே நோனத் எஹெமய்." அவருடைய மனைவியும் அப்படித்தானாம். அன்று காலை அவரையும் ஆறு மணிக்கே வீட்டிலிருந்து கிளப்பிவிட்டாராம். பிறகு ஆங்கிலத்துக்குத் திரும்பி, "நேரத்தில் பிழையில்லை. ஆள்தான் பிழை" என்றார்.

எனக்கு இன்னும் நான்கு நிமிடம் தந்தார்கள். பெருந்தன்மைதான். ஆனால் நான் பாடமாக்கியிருந்த பதில்கள் எல்லாம் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்வியில் தொடங்கி வரிசையாக வருபவை. அவர்கள் நேரே என் செயற்றிட்டத்தைக் கேட்டார்கள். ஜூட்டின் கருவியைக் கரைத்துக் குடித்தவனுக்குத் தன் கருவியின் பெயர் வரவில்லை.

எழுந்தபோது அந்தப் பெண் சொன்னார்: "தம்பி, இது உயர்தரப் பரீட்சை இல்ல, ஒருநாள் ரிசல்ட் வந்து முடியிறதுக்கு. ஏன் நாங்கள் சொன்ன பேரைத் திருத்தேல்ல?"

"நோ சொல்லக்கூடாது எண்டு..."

"ஆர் சொன்னது? நாளைக்கு நான் லிஃப்டில பிழையான வயரைக் காட்டினாலும் ஓம் எண்டுதான் சொல்லுவீங்களோ?"

நன்றி சொல்லி வெளியே வந்தேன்.

வீட்டில் "நல்லாப் போச்சு" என்றேன். (வீட்டில் இது முதல் பொய். அன்றைய கணக்கில் எத்தனையாவது என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.) அம்மா கேசரி கிண்டி ஐந்து மாடிக்கும் அனுப்பினார். எட்டாம் நாள் ஜூட் அழைத்தான்.

"மச்சான், சொல்ல வெக்கமா இருக்கு. என்னைய எடுத்துட்டாங்க."

"நல்லதுதானேடா."

"அந்த மீசக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? ஒங்க புராஜெக்ட ஒங்க கூட்டாளி நல்லா விளங்கப்படுத்தினாரு, நீங்க சுமாராத்தான் சொல்றீங்கன்னான். என் புராஜெக்ட்டுடா! டேய், நீயும் கொஞ்சம் கேவலமா சொல்லியிருக்கலாம்தானே?"

அன்று மாலை அம்மா அப்பா இருவரையும் உட்காரவைத்து முழுவதையும் சொன்னேன். அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். நான் ஏமாற்றிவிட்டேன் என்று கலங்குகிறார் என நினைத்தேன்.

"ஜூட் எத்தினை மணிக்குப் போனவன்?" என்றார் கடைசியில்.

"பதினொண்டு பத்து."

"அப்ப அவனுக்கு ராகுகாலத்திலயோ வேலை கிடைச்சது?"

அவருக்கு வந்த சிக்கல் என்னுடையதைவிடப் பெரிது. இரவு முழுக்க யோசித்திருக்க வேண்டும். காலையில் முகம் தெளிந்திருந்தது. "எனக்கு விளங்கிட்டுது. நல்ல நேரத்தில நீ அவன்ர பேரிலயெல்லோ போய் இருந்தனீ? பலன் அவனுக்குப் போயிட்டுது. நேரத்தில ஒரு பிழையும் இல்ல."

அப்பா பத்திரிகையை மடித்தார். அந்தப் பார்வைக்காகக் காத்திருந்தேன். "நான் வேலைக்குச் சேரேக்க ஆரும் என்னைத் தேடி வரேல்லை" என்றார் அவர். "நடந்து போய்த்தான் கேட்டனான். மூண்டு இடத்தில இல்லையெண்டவை. நீயும் எழுது. ஆனா இந்த முறை உன்ர பேரில எழுது."

எழுதினேன். இருபத்து மூன்று நிறுவனங்கள். அப்பா ஓய்வுபெறும் நாள் வந்தது, போனது. வேலையில்லாத பட்டதாரியாக வளாகத்தை விட்டு வெளியே வந்தேன். வானம் இடிந்து விழவில்லை. விழும் என்று கொஞ்ச நாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பதில் போடாதவர்கள் பலர். 'நோ' என்று எழுதியவர்கள் ஒன்பது பேர். அவர்களில் இருவர் ஏன் என்பதையும் எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு கடிதங்களையும் வைத்து விண்ணப்பத்தைத் திருத்தினேன்.

ஐந்தாம் மாதம் நுகேகொடையில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சிறு நிறுவனம் அழைத்தது. பழைய மின்தூக்கிகளையும் நீர்ப்பம்பிகளையும் பழுதுபார்ப்பவர்கள். மொத்தம் ஒன்பது பேர். வளாகத்துக்கெல்லாம் வர அவர்களுக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. உரிமையாளர் என் பெயரைப் பிழையாக உச்சரித்தார். "மன்னிக்க வேண்டும் சேர், ஹரிகரன்" என்று உடனே திருத்தினேன். இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்டார். சொன்னேன், திருநீறு உட்பட.

அவர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசைக்கடியிலிருந்து கழற்றிய பம்பி ஒன்றைத் தூக்கிவைத்தார். "இதை யார் செய்தது, எப்போது செய்தது என்று எங்களுக்குத் தெரியாது. என்ன பிழை என்று சொல்லும் பார்க்கலாம். இங்கே தினமும் இதுதான் வேலை. மற்றவன் செய்ததை விளங்கிக்கொள்கிற ஆள் எனக்கு வேண்டும்."

முக்கால் மணி நேரம் எடுத்தேன். அடுத்த திங்கள் வேலைக்குச் சேர்ந்தேன்.

இப்போது அந்த நிறுவனத்தில் நாற்பது பேர். கடந்த இரண்டு வருடமாக வளாக நேர்முகத்துக்கு நாங்களும் போகிறோம். மேசைக்குப் பின்னால் நான். இந்த முறை உள்ளே வந்த ஒரு மாணவியை, பட்டியலில் இருந்தபடி "தர்ஷனா, உட்காருங்கள்" என்றேன். அவள் உட்காரவில்லை. "சேர், நான் தர்ஷிகா. லிஸ்ட் பிழை. அதை முதல்ல திருத்துவமா?" என்றாள். நான் பட்டியலைத் திருத்திவிட்டு, அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்வியும் கேட்காமலே முதற் புள்ளியைப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து பெருமையோடு இதைச் சொன்னேன். ஜூட்டும் வந்திருந்தான், அம்மாவின் கைத் தோசை அவனுக்கு உயிர். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மிகவும் அக்கறையோடு கேட்டார்:

"அது சரி, நீ இண்டைக்கு ஆரின்ர பேரில போனனீ?"