லாரிக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி

குடவாசலுக்கும் நன்னிலத்துக்கும் நடுவே சேற்றில் சிக்கிய லாரி எதுவும் எங்கள் மருத்துவச்சி கை வைக்காமல் கரையேறியதில்லை. அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். தெருவில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்டவரிடம் போய்ப் பெயர் கேட்க யாருக்குத் தைரியம் வரும்?

முதல் கேஸ் ஒரு செங்கல் லாரி. எங்கள் தெருவுக்கு வரும் பாதையில், வாய்க்கால் திருப்பத்தில் பின்சக்கரம் புதைந்துவிட்டது. டிரைவர் மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமானது. ஒரு தலைப்பிரசவத்தை முடித்துவிட்டு அந்தப் பக்கமாக வந்த மருத்துவச்சி இடுப்பில் கை வைத்து நின்றார்.

“வலி வர்றதுக்கு முன்னாடி முக்கினா என்னாவும்? நிறுத்துடா.”

அவன் பயந்துபோய் நிறுத்திவிட்டான்.

“ஆம்பளைங்கள்லாம் தள்ளிப் போங்க” என்று கூட்டத்தை விரட்டினார். பானெட்டில் கை வைத்துச் சூடு பார்த்தார். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கச் சொன்னார். சக்கரத்தடியில் வைக்கோலைத் திணித்து, தென்னை மட்டையை முட்டுக் கொடுத்தார்.

“மூச்சு வுடு. மெதுவா. ம், இப்ப முக்கு.”

லாரி வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. அதன் பின்கதவில் பளாரென்று ஓர் அடி வைத்தார்.

“ஆரன் அடி. புள்ள அழுவுதான்னு பாக்கணும்.”

ஹாரன் கேட்ட பிறகுதான் முகம் மலர்ந்தது. மூன்று நாளைக்குப் பாரம் ஏற்றக் கூடாது என்று பத்தியமும் சொல்லிவிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போனார்.

அப்போது புது சர்க்கார் வந்து, குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சட்டம் போட்டிருந்தது. எங்கள் மிராசுதாருக்கு அந்த ஆத்திரம் அடங்கவில்லை. “மனை உங்களுது. வழி என்னுது” என்றார். தெருவைச் சுற்றி நாலு பக்கமும் அவர் வயல். இருந்த ஒரே மண்பாதையையும் ஆடியில் உழுது நட்டுவிடப் போகிறாராம். அது வெறும் வரப்பு, வழியே கிடையாது என்று தாலுகா ஆபீசில் எழுதியும் கொடுத்துவிட்டார். நாங்களும் கைநாட்டு வைத்து ஒரு மனு கொடுத்தோம்.

அந்தப் பாதைமேல் எங்களையெல்லாம்விட மருத்துவச்சிக்குத்தான் பிடிவாதம். முந்தின வருஷம் பிள்ளை குறுக்கே கிடந்த ஒருத்தியை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றினோம். மிராசுதார் ஆட்கள் பாதையை மறித்தார்கள். கட்டிலோடு தூக்கி வயல் சேற்றில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனோம். போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மூச்சில்லை. மருத்துவச்சி அதைப் பற்றிப் பேசவே மாட்டார். “வண்டி போற வழி ஒண்ணு வேணும்” என்பார், அவ்வளவுதான்.

தாசில்தார் நேரில் பார்க்க வருவதாகச் சொன்ன நாளும் வந்தது. தை மாசம், பருவம் தப்பிய தூறல். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த களத்தில் மிராசுதாரின் நெல் மூட்டைகள் நனைந்துகொண்டிருந்தன. அதிகாரி வருவதற்குள் முடித்துவிடலாம் என்று விடிந்ததும் லாரியை விட்டார். எந்த வழியில்? வழியே கிடையாது என்று எழுதிக் கொடுத்தாரே, அதே வழியில்தான். மூன்று நடை ஒழுங்காகப் போனது. நாலாவது நடையில், அதே வாய்க்கால் திருப்பத்தில், அச்சு வரைக்கும் உட்கார்ந்துவிட்டது.

குடையைப் பிடித்துக்கொண்டு அவரே எங்கள் தெருவுக்கு வந்தார். “ஏ மருத்துவச்சி, சட்டுனு வந்து எடுத்துவுடு.”

“தோ வர்றேங்க” என்றவர், வெந்நீர் வைத்துக் குளித்து, தலையை உலர்த்தி, வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். லாரியை மூன்று சுற்று வந்தார். ஒவ்வொரு டயரையும் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

“இன்னும் நாளு இருக்குங்க.”

“என்னது?”

“இப்ப எடுத்தா கொறப்பிரசவம் ஆயிடும். வலி வரட்டும்.”

“வெளையாடாத. தாசில்தார் வர்ற நேரம்.”

மருத்துவச்சி டிரைவர் பக்கம் திரும்பினார். “இது எத்தனாவது நடை, தம்பி?”

“நாலாவதும்மா.”

“நாலாவது பேறா? அப்ப சுளுவா வந்துடும். ஆனா தானா வரணும்.”

“அம்மா, தாயே” என்றார் மிராசுதார். எங்கள் தெரு ஆளைப் பார்த்து அந்த வாயிலிருந்து ‘அம்மா’ வந்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது.

“வழின்னு சொன்னாங்களே, எதுங்க?” என்றார் தாசில்தார்.

“வழியே இல்லீங்க சார். வெறும் வரப்பு. ஆடு நடந்தாக்கூட வழுக்கும்.”

தாசில்தார் லாரியை மேலும் கீழும் பார்த்தார். “இந்த ஆடு எப்படிங்க வந்துச்சு?”

“டிரைவர் வழி தெரியாம வந்துட்டான்.”

டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “வழி தெரியாமலாங்க? இது நாலாவது நடை. நீங்கதான முன்னாடி கொடையோட நடந்து வழி காட்டுனீங்க?”

லாரி கிடந்த இடத்திலேயே சங்கிலி போட்டு அளந்தார்கள். வண்டிப்பாதை என்று தாசில்தார் எழுதிக்கொண்டார். யார் போனாலும் மறிக்கக் கூடாது என்று மிராசுதாரிடம் கையெழுத்தும் வாங்கினார்.

மருத்துவச்சி முந்தானையை இழுத்துச் செருகினார். “வலி வந்துடுச்சு. எல்லாரும் கயித்தப் புடிங்க.”

தெருவே சேர்ந்து இழுத்தது. ஒரே மூச்சில் லாரி மேலே ஏறியது. பின்கதவில் அடி விழுந்ததும் டிரைவர் வைத்த கையை எடுக்காமல் மெயின் ரோடு வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

அடுத்த வருஷம் எனக்கு மூன்றாவது பிரசவம். கால் முன்னால் வந்துவிட்டது. தொட்டுப் பார்த்த மருத்துவச்சி, “வண்டியக் கட்டுங்க” என்றார். மாட்டுவண்டி அந்தப் பாதையில் போனது, யாரும் மறிக்கவில்லை. வழி நெடுக என் கையைப் பிடித்துக்கொண்டு, “முக்காத கண்ணு, ஆஸ்பத்திரி வரட்டும்” என்று கூடவே நடந்தார்.

பிள்ளை அழுதபோது அவர் வராந்தாவில் நின்றிருந்தார். நர்சிடம் அவர் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

“ஆரன் கேட்டுடுச்சும்மா.”

எத்தனையோ லாரிகளை அதட்டிய குரல், அன்றைக்கு உடைந்திருந்தது.