ஏணி மேல் போட்ட சபதம்

போர்டுக்காரர் அந்தச் சபதத்தைப் போட்டபோது ஏணியின் எட்டாவது படியில் நின்றுகொண்டிருந்தார். உயரத்தில் நின்று சொன்னால் சொல்லுக்குக் கனம் கூடும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"அந்தச் சூறாவளி ஷோவுக்கு நான் போனேன்னா, ஒரு வருஷம் வீட்டுத் துணி பூரா நானே துவைக்கறேன்!"

கீழே ஏணியைப் பிடித்திருந்த மனைவி, சலூன்காரர் பக்கம் திரும்பினார். அவர் கடைக்குத்தான் போர்டு.

"கேட்டுக்கிட்டீங்களா அண்ணா?"

"ரெண்டு காதாலயும் கேட்டேன் தங்கச்சி."

போர்டுக்காரர் கடைசி எழுத்துக்கு நிழல் போட்டார். வலது மூலையில் பொடியாகப் போன் நம்பரை எழுதினார். நம்பர் மனைவியுடையது. ஏணியில் நிற்கிற மனுஷன் எங்கே போனை எடுப்பது? இருபத்திரண்டு வருஷமாக அந்த நம்பர் போடாமல் அவர் ஏணியை விட்டு இறங்கியதில்லை.

சூறாவளி என்பது ஊர் ஊராக ஷோ நடத்தும் அந்த அம்மாவுக்கு ஜனங்கள் வைத்த பெயர். பாடுவார், ஆடுவார், நடிப்பார், வயலினை முதுகுக்குப் பின்னால் வைத்து வாசிப்பார். பட்டுப் பாவாடைக்குக் கீழே பூட்ஸ் போட்டிருப்பார். "கல்யாணமானதும் ஆம்பளைங்க கையில தண்ணி பட்டா கரைஞ்சிடுமா?" என்று மேடையில் கேட்பார். பாதி ஊர் அவரைத் திட்டியது. திட்டிய பாதி, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தது.

போர்டுக்காரர் திட்டுகிற கட்சி. ஆனால் அவர் வயிற்றுக்குள் வேறு ஒரு சங்கதி இருந்தது.

போன வருஷம் மனைவிக்கு உடம்புக்கு முடியாமல் போனது. வைத்தியத்தில் முடியெல்லாம் கொட்டியது. நோய் போய்விட்டது, ஆள் திரும்பி வரவில்லை. தலையைத் துணியால் மூடிக்கொண்டு எட்டு மாதம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். ஒரு மத்தியானம் டிவியில் சூறாவளி பாடிக்கொண்டே தன் விக்கைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசினார். உள்ளே மொட்டைத் தலை. "அப்பாடா, காத்து நல்லா வருது!" என்றார்.

படுத்திருந்தவர் சிரித்தார். தலைத்துணியை உருவினார். "என்னங்க, எனக்குப் பசிக்குது" என்றார்.

அன்றைக்கு எழுந்தவர்தான். பிறகு உட்காரவே இல்லை.

சூறாவளி தன் ஷோவில் யாராவது ஒரு புருஷனை மேடைக்கு இழுத்து, "உங்க வீட்டுக்காரம்மா செருப்பு சைஸ் என்ன?" என்று கேட்பார். போர்டுக்காரருக்குப் பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்லும்போது ஊரே பார்க்க அழுதுவிடுவோம் என்பதும் தெரியும். சபதத்தின் சூட்சுமம் அதுதான்.

சபதம் போட்ட மறுநாள், சூடு ஆறாமல் சூறாவளிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுத உட்கார்ந்தார். நாலு வார்த்தை சுருக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்.

'அம்மா, உங்களால் என் வீட்டில் அமைதி போச்சு. என் மனைவி எதிர்த்துப் பேசுகிறார். சுருதி சேராமல் சத்தமாகப் பாடுகிறார். எட்டு மாதம் வாயே திறக்காதவர் பாடுகிறார். நான் பக்கத்து அறையில் நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். உங்களுக்கு நன்றி. இதை யாரிடமும் சொல்லாதீர்கள்.'

பெயர் போடவில்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு தபாலில் சேர்த்தார்.

அடுத்த வாரம் மனைவி சொன்னார்: "என்னங்க, டவுன் ஹால்ல ஒரு வேலை வந்திருக்கு. மேடைப் பலகையில மூணடி எழுத்து. சனிக்கிழமை சாயங்காலம்."

"அன்னிக்குத்தானே அவ ஷோ?"

"அது ஏழு மணிக்கு. நீங்க ஆறரைக்கெல்லாம் முடிச்சிட்டுப் பின்வாசல் வழியா வந்துடுங்க."

"என்ன எழுதணும்?"

"'நன்றி'ன்னு எழுதணும். கடைசில காட்டுவாங்களாம்."

சனிக்கிழமை. பின்வாசல் சாவியைத் தேடியதில் அரைமணி போனது. பெயிண்ட் தாமதமாக வந்தது. 'ன்' முடிந்து 'றி'க்குச் சுழி போடும்போது பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். திரும்பினார். திரை விலகியிருந்தது. ஆயிரம் பேர் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவர்தாங்க அந்தக் கடுதாசிக்காரர்!" என்றார் சூறாவளி. முழுவதையும் வாசித்தும் காட்டினார்.

"நான் எழுதல! அதுல பேரே இல்லையே!"

"பேர் இல்ல அண்ணா. வலது மூலையில போன் நம்பர் இருக்கு. கூப்பிட்டேன், அண்ணிதான் எடுத்தாங்க."

போர்டுக்காரர் தன் வலது கையைத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சரி, அண்ணி செருப்பு சைஸ் என்ன?"

"ஆறு" என்றார். "ஆஸ்பத்திரில அவ செருப்பைப் பையில வெச்சுத் தூக்கிட்டே திரிஞ்சேன்மா. இடது கால் கொஞ்சம் லூசா இருக்கும்."

முன்வரிசையில் மனைவி எழுந்தார். குட்டையாக வளர்ந்த முடியைக் கோதிக்கொண்டு, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். சூறாவளியே ஒரு அடி பின்வாங்கினார். போர்டுக்காரர் ஏணியைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் பயந்த அளவுக்கு அது ஒன்றும் மோசமாக இல்லை.

மறுநாள் காலை எழுந்ததும் மனைவியிடம் சொன்னார்: "நீ பண்ணது பெரிய உபகாரம். மனசு லேசாயிடுச்சு."

"சந்தோஷங்க."

"ஆனா ஒண்ணு. நான் வேலைக்குத்தான் போனேன். ஷோவுக்கு இல்ல."

"கடைசி வரைக்கும் முன்வரிசையில என் பக்கத்துல உக்காந்து கைதட்டினீங்களே, அது என்ன வேலைங்க? நமக்குப் பின்னாடி சீட்டு சலூன்கார அண்ணனோடது."

போர்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"போர்வை ரெண்டும் ஊற வெச்சிருக்கேன்" என்றார் மனைவி. "நன்றி."